புனேயிலிருந்து கொங்குச் சீமைக்கு: சாமான் லாரியில், இருவரும் காரில்

வீடு மாற்றும்போது லாரிக்கு ஒரு வேலை, காருக்கு ஒரு வேலை. லாரி சொன்ன நாளில் வராது, ஒன்றிரண்டு சாமான் அடிபட்டுத்தான் வரும். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிட்டால் பாதி வெசனம் குறையும். காரில் ஏற வேண்டியவை மூன்றே வகை: நீங்கள் இருவர், தொலைந்தால் மறுபடி வாங்க முடியாதவை, புது வீட்டில் முதல் நாலு நாளை ஓட்டத் தேவையானவை. இதற்கு மேல் ஒரு தலையணைகூட ஏற்ற வேண்டாம். புனேயிலிருந்து கோவைக்கு ஏறக்குறைய 1,200 கி.மீ. பின்கண்ணாடி தெரியாத அளவுக்கு அடைத்துக்கொண்டு ஓட்டும் தூரம் அல்ல அது.

முதலில் லாரி. பேக்கர்ஸ்காரர்கள் விலை சொல்லும்போது தனி லாரியா, பங்கு லோடா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பங்கு லோடு மலிவு. ஆனால் நடுவில் ஏதோ ஒரு கிடங்கில் இறக்கி வேறு வண்டியில் ஏற்றுவார்கள். பெட்டி காணாமல் போவதும் பீரோ நசுங்குவதும் பெரும்பாலும் இந்த மாற்றத்தில்தான். ஒன்று, இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமானுக்குத் தனியாக 14 அடி லாரி பேசினால் செலவு கூடும், ஆனால் ஏற்றிய அதே வண்டி வாசலில் வந்து நிற்கும். பங்கு லோடுதான் கட்டுப்படியாகும் என்றால் எல்லாப் பெட்டிக்கும் எண் போடுங்கள். எண்ணைப் பெட்டியின் மேலே எழுதாமல் இரண்டு பக்கவாட்டிலும் எழுத வேண்டும். அடுக்கிய பிறகு மேல்பக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது. புத்தகமெல்லாம் சின்னப் பெட்டியில். பெரிய பெட்டியில் போட்டால் அடி பிய்த்துக்கொள்ளும்.

காகிதத்தில் மூன்று விஷயம். சாமான் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் மதிப்புப் போட்டு, அதற்கு இன்சூரன்ஸ் கம்பெனியின் பாலிசி நகல் வாங்க வேண்டும். பேக்கர்ஸ் தங்கள் பில்லிலேயே இத்தனை சதவீதம் என்று பிடிக்கும் 'இன்சூரன்ஸ்' பல சமயம் பேருக்குத்தான். இரண்டாவது, லாரி ரசீது எண், வண்டி எண், டிரைவர் போன் நம்பர். மூன்றாவது, வழியில் போன் செய்து செக்போஸ்ட் செலவு, ஈ-வே பில் (சரக்கு ஏற்றிப் போக ஜி.எஸ்.டி.யில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) செலவு என்று கூடுதலாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. சொந்த உபயோகத்தில் இருந்த வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில் தேவையில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதே மாநில எல்லையில் இருந்த வணிகவரிச் செக்போஸ்ட்டுகளும் எடுக்கப்பட்டுவிட்டன.

இறக்குக் கூலியும் முன்பே பேசி முடிக்க வேண்டியது. எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, தெருவுக்குள் லாரி நுழையுமா? திருப்பூர், ஈரோட்டின் பழைய பகுதிகளில் பல தெருக்களுக்குள் 14 அடி லாரியே திரும்பாது. மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு குட்டியானையில் இரண்டு நடை அடிக்க வேண்டிவரும். அந்த வாடகை யார் தலையில் என்பது பில்லில் இல்லாவிட்டால் உங்கள் தலையில்தான்.

சாமான்களில் கவனம் கேட்பவை நாலைந்துதான். ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, பனி உருகி, துடைத்துக் கதவைத் திறந்து வைத்துவிட வேண்டும். நின்றபடி வந்தால் இறக்கிய பிறகு சில மணி நேரம் விட்டு ஆன் செய்யலாம். படுக்க வைத்துக் கொண்டுவந்தது தெரிந்தால் ஒரு முழு நாள் நிற்கட்டும். கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஏறியிருக்கும், அது திரும்ப இறங்குவதற்குள் ஸ்விட்சைப் போட்டால் கம்ப்ரசர் போகும். முன்பக்கக் கதவு வாஷிங் மெஷினுக்கு, வாங்கியபோது பின்னால் இருந்து கழற்றித் தந்த நீள போல்ட்டுகள் மூன்றோ நாலோ இருக்கும். அவற்றைத் திரும்ப முடுக்காமல் ஏற்றினால் உள்ளே டிரம் 1,200 கி.மீ. ஆடிக்கொண்டே வந்து ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் காலி செய்துவிடும். பெரும்பாலான வீட்டில் அந்த போல்ட் குப்பைக்குப் போயிருக்கும். சர்வீஸ் சென்டரில் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். போய்ச் சேர்ந்ததும் கழற்ற மறந்து மெஷினை ஓட்டிவிடக் கூடாது, அதுவும் கெடுதல்தான்.

டேபிள்டாப் கிரைண்டரை அப்படியே பெட்டியில் வைத்தால் உள்ளே கல் உருண்டு டிரம்மைக் கீறி, சமயத்தில் மூடியையும் உடைக்கும். குழவிக் கல்லைத் தனியே எடுத்துப் பழைய துண்டில் சுற்றி, டிரம்மைத் தனிப் பெட்டியில் வையுங்கள். (புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் கிரைண்டரைக் கோயம்புத்தூருக்கே லாரி வாடகை கொடுத்துக் கொண்டுபோவதா என்று யோசனை வந்தால், பழைய கிரைண்டரை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வரலாம்.) இன்வெர்ட்டர் பேட்டரியைப் படுக்கப் போட்டால் ஆசிட் கசியும். பல பேக்கர்ஸ் ஏற்றவே மாட்டார்கள், காரிலும் ஏற்றாதீர்கள். பழைய பேட்டரியைக் கொடுத்துவிட்டு ஊரில் புதுசு வாங்குவதே மேல்.

கேஸ் சிலிண்டர் காரிலும் வேண்டாம், லாரியிலும் வேண்டாம். சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட்டைத் திருப்பித் தந்து, மாற்றல் சீட்டும் தருவார்கள். புது ஊரில் அதைக் காட்டி அன்றைய டெபாசிட் கட்டி இணைப்பு வாங்கலாம். முதல் இணைப்பு வாங்கியபோது கொடுத்த சீட்டு கையில் இருந்தால் டெபாசிட் கணக்கில் தகராறு வராது. புது ஏஜென்சி வாடகை ஒப்பந்தம் கேட்கும். ஆகவே வீட்டுக்காரரிடம் ஒப்பந்தத்தை முன்கூட்டியே கையெழுத்தாக்கி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கார். சர்வீஸைக் கிளம்புவதற்கு முந்தின நாள் விடாதீர்கள். பத்து நாள் முன்பே விட்டால், சரியாக முடுக்காத ஆயில் வடிக்கும் போல்ட், கசியும் ஹோஸ் எல்லாம் ஊருக்குள் ஓட்டும்போதே தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3519 என்றால் 2019இன் 35ஆம் வாரம் செய்தது. பட்டன், அதாவது டயர் மேல்பரப்பின் வரிப்பள்ளம், நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரில் முழு லோடு வைத்து மே மாத வெயிலில் ஓட்ட வேண்டாம். பட்டன் ஆழம் 1.6 மி.மீ. தொட்டால் மாற்றிவிட வேண்டும். காற்று அளவு டிரைவர் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆள் மட்டும் இருந்தால் ஓர் அளவு, முழு லோடுக்கு வேறு அளவு. பின் டயருக்குப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். காலையில் டயர் சூடாகும் முன் அடிப்பதுதான் சரி. ஸ்டெப்னியையும் சேர்த்து.

லோடு வைத்ததும் பின்பக்கம் தாழ்ந்து ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் குத்தும். ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று இருக்கும் சக்கரத்தைத் திருப்பி வெளிச்சத்தை இறக்கிக்கொள்ளலாம். பலர் அதைத் தொட்டதே கிடையாது. கனமானவை டிக்கியின் அடியில், பின்சீட்டு முதுகை ஒட்டி, லேசானவை மேலே. பின்சீட்டில் குக்கர், குத்துவிளக்கு என்று கட்டாமல் வைத்தால் அவசர பிரேக் பிடிக்கும்போது முன்னால் பறந்து வரும். குத்துவிளக்கைப் போர்வையில் சுற்றிக் காலடியில் வைத்துவிடுங்கள். கூரைமேல் கேரியர் போடுவதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். கார் கூரைகள் பெரும்பாலும் தாங்குவது 50 முதல் 75 கிலோ, அதில் கேரியரின் எடையும் சேர்த்தி. அதோடு ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் வண்டியையே ஒதுக்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது, தார்ப்பாய் போட்டுக் கட்டிய சூட்கேஸ் எம்மாத்திரம்?

காரில் வர வேண்டியவை: நகை, பத்திரம், ஒரிஜினல் சான்றிதழ்கள், ஹார்டு டிஸ்க், மருந்து, சாமி படம், பால் காய்ச்சப் பாத்திரம். இரண்டு பாய், இரண்டு போர்வை, ஒரு பக்கெட், மக், இண்டக்ஷன் அடுப்பு, அதற்கான ஒரு சட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இரண்டு எல்.இ.டி. பல்பு, ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், டெஃப்லான் டேப், பூட்டு. காலி வீட்டில் முந்தைய குடித்தனக்காரர் பல்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருப்பார், குழாய் ஒன்றாவது ஒழுகும்.

பயணத்தை இரண்டு நாளில் முடிக்கலாம். ஆனால் மூன்றாவது நாள் மதியம் ஊர் சேர்கிற மாதிரி வைப்பதே நல்லது. லாரி ஏற்றி முடிய ராத்திரி எட்டு மணி ஆகும். அன்றைக்கே கிளம்பக் கூடாது. மூட்டை தூக்கிய உடம்போடு இரவில் ஓட்டுவது மிக மோசமான யோசனை. காலி வீட்டில் பாய் விரித்துத் தூங்கிவிட்டு விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினால் கம்பாட்கி மலைப்பாதை ஏற்றத்தில் லாரி நெருக்கடி குறைவு. சாத்தாரா, கோலாப்பூர் பக்கம் சாலை அகலப்படுத்தும் வேலையால் திருப்பங்கள் அதிகம். கூகுள் மேப் சொல்லும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆடி, ஆவணியில் வருகிறவர்கள் கோலாப்பூர் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். 2019இலும் 2021இலும் பஞ்சகங்கை வெள்ளம் ஷிரோலி பக்கம் ஏறி நெடுஞ்சாலையே நின்றுபோனது. அந்த மாதிரி நாளில் சுற்றுவழி தேடாமல் கிளம்புவதைத் தள்ளிப்போடுங்கள்.

முதல் இரவு ஹூப்ளி. புனேயிலிருந்து சுமார் 430 கி.மீ. தார்வாடிலிருந்து ஹூப்ளிக்கு வரும் புறவழிச்சாலை வெகுகாலம் நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலையாகவே இருந்து பல உயிர்களை வாங்கியது. விரிவாக்க வேலை நடக்கும் சாலை என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிவிடுங்கள். அதுவரை நாலுவழிச் சாலையில் 90இல் வந்த கால், அங்கே தானாகக் குறையாது.

இரண்டாம் நாளின் கணக்கு முழுவதும் பெங்களூருதான். ஹூப்ளியை ஐந்தரைக்கு விட்டால் தாவணகெரேயில் காலைச் சிற்றுண்டி. வெண்ணெய் தோசைக்குப் பேர்போன ஊர், ஆனால் ஸ்டியரிங் பிடிக்கிறவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சித்ரதுர்கா, தும்கூர் தாண்டி நெலமங்களா வரும்போது மணி பன்னிரண்டு, பன்னிரண்டரை. ஊருக்குள் போகாமல், பெங்களூருக்கு வெளியே சுற்றிப் போகும் கட்டணச் சாலையான நைஸ் ரோட்டில் ஏறி எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் இறங்கி, மூன்று மணிக்குள் அத்திப்பள்ளி தாண்டிவிட வேண்டும். நாலரைக்கு மேல் சந்தாபுராவில் மாட்டினால் ஓசூர் சேர இருட்டிவிடும். இரண்டாம் இரவு ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ.

ஏன் அங்கேயே நிற்க வேண்டும்? ஓசூரில் தமிழ் போர்டைப் பார்த்ததும் ஊருக்கே வந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். "இன்னும் சித்த தூரந்தானே, போயிடலாம்" என்று ஒருவர் சொல்வார், மற்றவரும் தலையாட்டுவார். கோவைக்கு இன்னும் 300 கி.மீ.க்கு மேல் இருக்கிறது, நடுவில் தொப்பூர் இருக்கிறது. தர்மபுரியிலிருந்து சேலம் வருகிறவர்களுக்கு அந்தக் கணவாய் முழுக்க இறக்கம். வளைவும் இறக்கமும் சேர்ந்து நீளமாகப் போகும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிவரும் லாரிகளும், ஓயாமல் மிதித்து பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரிகளும் முன்னால் போகும் வண்டிகள்மேல் ஏறிய விபத்துகள் அங்கே கணக்கில்லை. சங்ககிரி லாரி டிரைவர் ஒருவர் டீக்கடையில் சொன்னது: "கீர்ல எறக்குங்ணா, பிரேக்க நம்பாதீங். லாரிக்கு முன்னால நிக்காதீங்."

காருக்கு அதையே விரித்துச் சொன்னால்: இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் முறைக்கோ எல் நிலைக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். லோடு வைத்த கார் கியரிலேயே 50, 60இல் நிற்கும். பிரேக்கை விட்டுவிட்டு அழுத்த வேண்டும், கால் அதன்மேலேயே இருக்கக் கூடாது. பின்கண்ணாடியில் கனரக லாரி நெருங்கினால் பந்தயம் கட்டாமல் அதை முன்னால் போக விட்டுவிட வேண்டும். பாதுகாப்பாக இருக்கும் என்று இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்துகொள்வதுதான் அந்த இடத்தில் மிக ஆபத்தானது. இதெல்லாம் காலை ஏழு மணிக்குத் தூங்கி எழுந்த கண்ணுக்குச் சுலபம், ராத்திரி ஒன்பது மணிக்கு அல்ல.

சத்தியமங்கலம், கோபி பக்கம் போகிறவர்களுக்கு கொள்ளேகால், ஆசனூர், திம்பம் வழி தூரம் குறைவு. ஆனால் திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, லோடு வைத்த காரில் முழுக்க இறக்கம். புலிகள் காப்பகம் என்பதால் இரவில் போக்குவரத்துக் கட்டுப்பாடும் உண்டு. மைசூர் வழியாக வரலாம் என்றால் பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை சாலை மூடியிருக்கும். அதன் பிறகு நீலகிரிக்குள் போக, 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். சாமானோடு வரும்போது சேலம் வழியே போதும்.

சேலத்திலிருந்து சங்ககிரி, பவானி, பெருந்துறை வழியாக நல்ல சாலை. திருப்பூர்க்காரர்கள் பிரியும் இடத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கோவை ஊருக்குள் போகிறவர்களுக்கு 2025 அக்டோபரில் திறந்த கோல்டுவின்ஸ்–உப்பிலிபாளையம் 10.1 கி.மீ. மேம்பாலம் அவிநாசி ரோட்டு சிக்னல்களை மிச்சமாக்குகிறது. பொள்ளாச்சி, போத்தனூர் பக்கம் என்றால் நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸ். அது இருவழிதான், ஆறுவழிச் சாலையின் வேகத்தோடு அதில் நுழையக் கூடாது.

இருவரும் ஓட்டத் தெரிந்தவர்கள் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுங்கள், அலுப்பு வரும்வரை காத்திருக்காமல். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் வேலை இருக்கிறது: மேப், போன், டோல் கணக்கு, லாரி டிரைவரோடு பேச்சு. அவர் நன்றாகத் தூங்கிவிட்டால் ஓட்டுகிறவருக்கும் கண் சொருகும். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை இது நிச்சயம்.

இந்த வழியில் சுங்கச்சாவடிகள் இருபதுக்குக் குறையாது. 2025 நவம்பர் விதிப்படி, ஃபாஸ்டேகில் பணம் இல்லாவிட்டால் ரொக்கத்துக்கு இரட்டிப்பு, யு.பி.ஐ.யில் ஒன்றேகால் மடங்கு. 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டு பாஸில் 200 முறை கடக்கலாம். ஆனால் நைஸ் ரோடு போன்றவற்றில் அது செல்லாது. பாஸ் வண்டியின் பதிவெண்ணோடு கட்டியது என்பதால், ஊர் போய் உடனே எண் மாற்றப் போகிறவர்கள் யோசித்து வாங்குங்கள்.

வீட்டுச் சாவி கையில் வந்ததும் முதலில் ஈபி மீட்டரைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். தமிழ்நாட்டில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி பில் எகிறும். நடுவில் குடிவந்தால் முந்தையவர் ஓட்டிய யூனிட்டும் உங்கள் யூனிட்டும் ஒரே பில்லில் சேர்ந்து அந்தக் கோட்டைத் தாண்டலாம். பிறகு தண்ணீர். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம்; உப்புத் தண்ணி தனிக் குழாயா; வாஷிங் மெஷினுக்கும் கீசருக்கும் வருவது எது? போர் தண்ணியாக இருந்தால் கீசர் காயிலில் உப்புப் படியும், இன்லெட் வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும்.

கடைசியாக வண்டிப் பதிவு. வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் மறுபதிவு கட்டாயம். இதற்கான தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, பழைய ஊர் ஆர்.டி.ஓ.விலிருந்து வர வேண்டும். புனேயை விட்டுக் கிளம்பும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்: நிலுவை இ-சலான் எல்லாம் கட்டி, கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் வாங்கி, சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்த அச்சோடு. ஊரில் முகவரிச் சான்று, வண்டி ஆய்வு, வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள்கால வரி என்று முடிந்ததும் கோவை என்றால் 37, 38, 66, 99, திருப்பூர் என்றால் 39, 42, ஈரோட்டில் 33, பெருந்துறையில் 56 என்று எண் கிடைக்கும். மாநிலம் மாறினாலும் அதே எண்ணோடு ஓட்டக்கூடிய பி.எச். (பாரத்) வரிசை வண்டிக்கு இந்தப் பாடு இல்லை. புது ஆர்.சி. வந்ததும் இன்சூரன்ஸிலும் ஃபாஸ்டேகிலும் எண்ணை மாற்றுங்கள். மகாராஷ்டிரத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்க அந்தப் புது ஆர்.சி. நகல்தான் ஆதாரம். அந்தப் பணம் கைக்கு வர மாதக்கணக்காகும், விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.